மா என்றால் என்ன

மூன்று பேரும் வந்து உட்கார்ந்தாகிவிட்டது, ஆரோன் அதற்குள் பாயின் கோரையை ஒவ்வொன்றாக உருவத் தொடங்கிவிட்டான், அதட்டலாமா, வேண்டாம், இன்றைக்கு எதற்காகவும் அவனை அதட்டக் கூடாது, இன்றைக்கு அவன் தயவு எனக்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, பெரம்பூரில் மூன்றாவது மாடி, பங்குனி வெயில் பால்கனிக் கம்பியைத் தாண்டி டிவி ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டது, எதிர்வீட்டுக் குக்கர் கத்துகிறது, கீழே பழைய பேப்பர்காரர் ஸ்பீக்கரில் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே போகிறார், இதற்கு நடுவில் என் கூடத்தில் எபிரேய வகுப்பு, அதற்கு நான் மிஸ், எனக்கே சிரிப்பு வருகிறது. சிப்போரா மிஸ். ஆரோனும் அவன் தங்கை தாமாரும் அதைச் சிப்பி மிஸ் என்று சுருக்கிவிட்டார்கள். மூன்றாவது மாணவி எப்படியும் என்னைக் கூப்பிடுவதில்லை. மூன்றாவது மாணவி என் மகள் யாயேல், ஆறு வயது, சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கிட்டே வந்து குர்த்தாவின் நுனியை இழுப்பாள், போன வருஷம் ஒன்றாம் வகுப்புக்குப் போனதிலிருந்து இப்படித்தான், அந்த 'ம' வருவதில்லை, உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு திறப்பதில்லை, அம் என்று நின்றுவிடும், அம், அம், அதற்குள் நான் என்னடா கண்ணா என்று ஓடியிருப்பேன். மற்ற எழுத்துகளிலும் திக்கும், ஆனால் இதில்தான் அதிகம். வருகிற வாரம் பெஸாக் இரவு. எகிப்தில் நாங்கள் அடிமைகளாகக் கிடந்து விடுதலையான கதையை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சொல்கிற இரவு, அதைப் பெரியவர்கள் தாங்களாகத் தொடங்க முடியாது, வீட்டில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளை எபிரேயத்தில் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும், கேள்வி வராமல் கதை வராது. இந்த வருஷம் இரண்டு வீடும் சேர்ந்து ஆரோன் வீட்டில் கொண்டாடுகிறோம், இருப்பதிலேயே சின்னவள் யாயேல். அந்த நான்கு கேள்விகளின் முதல் சொல் 'மா'.

நேற்று ரேச்சல் ஃபோன் பண்ணினாள், ஆரோன், தாமாரின் அம்மா, நல்லவள், அதுதான் கஷ்டம், கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். "சிப்பி, தப்பா எடுத்துக்காதே, எங்க மாமனார் பாம்பேலேர்ந்து வர்றாரு, அவங்க ஆளுங்க எல்லாம் சேர்ந்து கூட்டமா இருக்கும், பாவம் குழந்தை, எல்லாரும் பார்த்துட்டே இருந்தா இன்னும் பயந்துடும். தாமார் கேக்கட்டுமே. அடுத்த வருஷம் யாயேல் கேக்கலாம், நாளைக்கு க்ளாஸ் முடிஞ்சு கூட்டிட்டுப் போக வரப்ப சொல்லு." அடுத்த வருஷம். இந்த அடுத்த வருஷம் என்ற வார்த்தையைத்தான் நாங்கள் எவ்வளவோ தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், பெஸாக் இரவின் முடிவில், ஆனால் அது எங்கள் பழைய புண்ணிய ஊருக்குத் திரும்பிப் போவதைப் பற்றி, வாயைத் திறப்பதைப் பற்றி இல்லை. நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, பார்க்கலாம் ரேச்சல் என்றேன், வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன், அங்கே செழியன் ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, புளிச்சது எதுவும் வீட்ல இருக்கக் கூடாதுன்னியே, இந்த இட்லி மாவு?" அரிசி பரவாயில்லை, நம்ம ஆளுங்க சாப்பிடலாம், புளித்த கோதுமைதான் கூடாது என்றேன். "அப்ப புளிச்சாலும் அரிசி அரிசிதானே," என்று நிம்மதியாகப் பாத்திரத்தை உள்ளே தள்ளினார், இந்த மனிதர் பிறந்தது திண்டிவனத்தில், யூதர் என்றால் யார் என்று என்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார், இப்போது சோபா இடுக்கில் டார்ச் அடித்து ரொட்டித் துகள் தேடுகிறார், என்னைவிடப் பக்தியாக.

"அலெஃப்," என்கிறேன் அட்டையைத் தூக்கி. அலெஃப், பேத், கிமெல், மூன்று குரலில் இரண்டு குரல். தாமார் அழகாகச் சொல்கிறாள், ஆரோன் கத்துகிறான், யாயேல் உதட்டை அசைக்கிறாள். வலமிருந்து இடம், வலமிருந்து இடம், இந்தக் கை எவ்வளவு நாளாகப் பழகியும் அட்டையை முதலில் தப்புப் பக்கம்தான் காட்டுகிறது. எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் யூத வீடு எங்களுடையது ஒன்றுதான், அப்பா கேரியேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டர், சனிக்கிழமை லீவு கேட்டுக் கேட்டே போர்மேனிடம் கெட்ட பேர் வாங்கியவர், நீங்க என்ன ஆளுங்க என்று கேட்பார்கள், ஜூ என்பார், ஓ ஜெயினா, அதான் வெங்காயம் போடறதில்லையா என்பார்கள், போடறோமே என்பார் அப்பா, எதிராளி குழம்பிப்போய் நிற்பார். அவருக்கே எபிரேய எழுத்து தெரியாது, பிரார்த்தனையெல்லாம் எங்கள் முன்னோரின் மராத்தி எழுத்தில் எழுதி வைத்து வாசிப்பார். நான் கற்றது யாயேல் பிறந்த பிறகு, அவளை மடியில் போட்டுக்கொண்டு, பால் குடித்துத் தூங்குகிறவளின் முதுகில் விரலால் எழுதி எழுதி, ஃபோனில் யாரோ ஒரு பெண் மெதுவாகச் சொல்லச் சொல்ல. இன்றைக்கும் நான் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் முன்னால்தான் இருக்கிறேன், சில வாரம் அரைப் பக்கம், ஆரோன் வேகமாகப் புரட்டினால் மாட்டிக்கொள்வேன். முதுகில் எழுதினேனே, வலமிருந்து இடமாக, அதனால்தான் திக்குகிறாளா, இந்த இடத்தில் வந்து வந்து நினைப்பு சிக்கிக்கொள்கிறது, தமிழ், இங்கிலீஷ், இந்தி, போதாதென்று இதுவும், நாலு எழுத்தைத் தூக்கி அந்தச் சின்ன நாக்கின்மேல் வைத்தது நான்தானே. பள்ளிக்கூடத்தில் அம்மா என்று எழுதச் சொன்னால் வலதுபக்க ஓரத்தில் தொடங்கி மாம்அ என்று எழுதி வைத்தாளே, டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாளே, அப்போது நான் சிரித்துவிட்டேன், வீட்டுக்கு வந்து செழியனிடம் காட்டிச் சிரித்தோம், சிரித்திருக்கக் கூடாதோ. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம் அடித்துச் சொல்லிவிட்டார்கள், மொழியால வர்றது இல்லம்மா இது, எத்தனை பாஷை வேணாலும் பேசட்டும், நீங்க மட்டும் அவ வார்த்தையை முடிச்சுக் கொடுக்காதீங்க, பார்த்துட்டே காத்திருங்க. புரிந்தது. புரிந்தது மேடம். வெளியே வந்து ஆட்டோவில் ஏறினதும் அவள் ப, ப, என்றாள், பசிக்குதா என்று கேட்டேன், இல்லை, பலூன்.

"மிஸ், இதுக்குக் கீழ புள்ளியே இல்லை," என்கிறாள் தாமார், அச்சுப்பிழையைக் கண்டுபிடித்துவிட்டாள், இவள் வளர்ந்தால் ஆடிட்டர்தான் ஆவாள். ஆமாம்டா, அதுக்கு இருக்கணும். புள்ளியும் கோடும்தான் உயிர், எழுத்து வெறும் மெய், இதை இந்தப் பிள்ளைகளுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை, தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்கு உயிரும் மெய்யும் சேர்ந்தால்தான் சத்தம் வரும் என்று தெரிந்திருக்கிறது, முதல் நாளே ஆரோன் "ஓ, உயிர்மெய்யா, இவ்ளோதானா" என்றான். பெரியவர்கள் வாசிக்கிற தோற்சுருளில் புள்ளியே இருக்காது, வெறும் மெய், உயிரை வாசிக்கிறவர்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னேன், அதற்கு மூன்று பேரும் வாயைப் பிளந்தார்கள். அதைவிட அவர்களுக்குப் பிடித்தது இன்னொன்று. அப்பாவுக்கு எபிரேயத்தில் என்ன தெரியுமா? என்ன மிஸ்? அப்பா. இல்ல மிஸ், எபிரேயத்துல. அதுதான், அப்பா. அன்றைக்கு அவர்கள் பாயில் உருண்ட உருளல், செழியன் பயந்துபோய் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார், ஆரோனும் தாமாரும் அவரைப் பார்த்து "எபிரேயத்துல கூப்பிட்டோம் அங்கிள்" என்று மறுபடி உருண்டார்கள், யாயேலும்தான், அவள் சத்தமே இல்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைகள் எவ்வளவு பிடிக்கிறது. அதை யாரிடம் சொல்வது. சனி சாயங்காலமே நெஞ்சுக்குள் ஏதோ குதிக்க ஆரம்பித்துவிடுகிறது, பேரீச்சம்பழம் வாங்கினோமா, கலர் பென்சில் சீவினோமா என்று. இரண்டு வீட்டுப் பிள்ளைகள், ஒரு பாய், இதற்கு இவ்வளவு சந்தோஷமா. இவ்வளவுதான் எனக்கு வேண்டும் போலிருக்கிறது.

பண்டிகைத் தட்டைப் பற்றிப் பேசுகிறோம். அடிமைகள் மிதித்த களிமண்ணுக்காகப் பேரீச்சம்பழக் கூழ், கண்ணீருக்காக உப்புத் தண்ணீர், கசந்த வாழ்க்கைக்காகக் கசப்புக் கீரை. "பாகற்காய் வைக்கலாமே," என்கிறாள் தாமார். "பாகற்காய் வெச்சா நான் எகிப்துலயே இருந்துக்கறேன், எனக்கு விடுதலை வேணாம்," என்கிறான் ஆரோன், நான் சிரிக்க, அவன் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறான், "மிஸ், மோசேயோட ஒய்ஃப் பேரும் சிப்போராதானே, அப்ப செழியன் அங்கிள்தான் மோசே." அடுப்படியிலிருந்து செழியன் "கடலைப் பொளக்கச் சொல்லாதீங்கடா, நான் இங்க சிங்க்கே அடைச்சுக்கிட்டு நிக்கறேன்" என்கிறார். சொல்லிவிடலாமா இப்போது, எங்களை எகிப்திலிருந்து மீட்டு வந்த மோசேயைப் பற்றி. எத்தனை வாரமாக இந்த இடத்துக்கு வந்து வந்து திரும்பிப் போகிறேன், அதைச் சொன்னால் எல்லோரும் யாயேலைப் பார்ப்பார்கள், அவளுக்காகவே சொல்வதுபோல் இருக்கும், மருந்தை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுப்பதுபோல், அவள் கண்டுபிடித்துவிடுவாள், எல்லா மருந்தையும் கண்டுபிடிப்பாள். வேண்டாம். அதற்குள் தாமார் தன் பாட்டுக்குப் பெஸாக் படப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, "கடவுள் மோசேயை எகிப்து ராஜாகிட்டப் போய்ப் பேசச் சொன்னப்ப அவர் மாட்டேன்னாராம், ஏன்னா அவருக்கு வாய் கனமாம், நாக்கு கனமாம்," என்கிறாள், சாதாரணமாக, பக்கத்தைத் திருப்பிக்கொண்டே. "கனம்னா?" "வார்த்தை வராது. திக்கும்." நான் யாயேலைப் பார்க்கவில்லை, பார்க்கவில்லை, டிவி ஸ்டாண்டைப் பார்க்கிறேன், அதன்மேல் வெயில் ஏறியிருக்கிறது. "அப்ப ஏன் கடவுள் நல்லாப் பேசற ஆளா அனுப்பல?" என்கிறான் ஆரோன். நான் வாயெடுப்பதற்குள் பாயின் அந்தப் பக்கம் ஏதோ நகர்கிறது, யாயேல் முழங்காலை விட்டுவிட்டு முன்னால் தவழ்ந்து வந்து தாமாரின் புத்தகத்துக்குள் தலையை விடுகிறாள், எங்கே, எங்கே அது என்பதுபோல் விரலை வைக்கிறாள், தாமார் காட்டுகிறாள். தாடி வைத்த ஓர் ஆள், கையில் கோல், வாய் பாதி திறந்திருக்கிறது. யாயேல் அந்தப் பக்கத்தை விட்டு எழுவதாக இல்லை.

சரி, நான்கு கேள்விகளைப் பார்க்கலாமா என்கிறேன், குரல் எனக்கே பொய்யாகக் கேட்கிறது. பாடலாம், எல்லோரும் சேர்ந்து பாடலாம், பாடினால் திக்காது, இது எனக்குத் தெரியும், மேடமும் சொல்லியிருக்கிறார்கள், குளியலறையில் முழுப் பாட்டையும் ஒரு தடங்கல் இல்லாமல் பாடுகிறாளே, அப்படியே ராகமாகவே பழக்கிவிட்டால் அன்றைக்கு இரவு யாருக்கும் ஒன்றும் தெரியாது, ரேச்சலின் மாமனார் கைதட்டுவார், இதுதான் என் திட்டம், பத்து நாளாக ஒளித்து வைத்திருக்கிற திட்டம். நான் மெட்டை எடுக்கிறேன். யாயேல் கையைத் தூக்குகிறாள். வகுப்பில் அவள் கை தூக்கி நான் பார்த்ததில்லை. "பா-பாட்டு வேணாம்." ஏன்டா? அவள் யோசிக்கிறாள். "பாடினா எ-எல்லாரும் பாட்டைக் கேப்பாங்க. நான் கே-கே-" கேள்வி என்று என் வாய் திறந்துவிட்டது, கையால் பொத்திக்கொள்கிறேன், நிஜமாகவே கையால், தாமார் வினோதமாகப் பார்க்கிறாள். "-கேக்கறதைக் கேக்க மாட்டாங்க." பிறகு தாமாரின் மடியிலிருந்து புத்தகத்தை இழுத்து, சரியான பக்கத்தை, வலது பக்கத்தை, விரித்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, எழுத்தின் கீழ் விரலை வைக்கிறாள். மெம், அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு. மா.

உதடு மூடிக்கொண்டது. இதோ, இதுதான், இது எனக்குத் தெரிந்த மூடல், கழுத்தில் அந்த நரம்பு எழும்புகிறது, கண் ஒரு பக்கம் போகிறது, நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பார், சிரிக்காதே, தலையாட்டாதே, மூச்சைப் பிடிக்காதே, நீ மூச்சைப் பிடித்தால் அவளுக்குத் தெரியும், மா என்றால் என்ன, மா என்றால் 'என்ன', எபிரேயத்தில் அதுதான் அர்த்தம், என்ன என்று கேட்பதற்குத்தான் இவ்வளவு பாடு, ஆரோன், ஆரோன் வாயைத் திறக்கிறான், எல்லோருடைய வாக்கியத்தையும் முடித்து வைக்கிற பையன், டீச்சர் வாக்கியத்தையே முடித்து வைக்கிறவன், கடவுளே அவன் சொல்லிவிடப் போகிறான், டேய் வேண்டாம், அவனைக் கண்ணால் பிடிக்க முடியுமா, முடியவில்லை, அவன் என்னைப் பார்க்கவில்லை, அவன் யாயேலின் வாயையே பார்க்கிறான், கிரிக்கெட்டில் கடைசிப் பந்தைப் பார்க்கிற மாதிரி, வாய் திறந்தபடி, ஒன்றும் சொல்லாமல். அடுப்படியில் தண்ணீர் நின்றுவிட்டது, செழியன் குழாயை மூடிவிட்டார். நான் சொல்லிவிடட்டுமா, ஒரே ஒரு தடவை, ஒரு எழுத்துதானே, என் உதடும் மூடிக்கொண்டிருக்கிறது, என் உதட்டுக்குள்ளும் அது முட்டிக்கொண்டு நிற்கிறது, அவள் பிறந்த அன்றைக்கும் இப்படித்தான் அழாமல் இருந்தாள், நர்ஸ் காலைத் தட்டினாள், நான் படுத்தபடி காத்துக்கொண்டே இருந்தேன், அப்போதும் என்னால் அவளுக்குப் பதிலாக மூச்சுவிட முடியவில்லை, ம், ம், ம, "ம-ம-மா." வந்துவிட்டது. மூன்று மா, புத்தகத்தில் ஒன்றுதான், இருக்கட்டும். "நி-நிஷ்தானா." ஆரோன் முஷ்டியை மடக்கித் தன் தொடையில் குத்திக்கொள்கிறான். "ஹலைலா. ஹ-ஹஸ்ஸே." இந்த இரவு. இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து எதனால் வேறுபட்டது. விரல் இடது பக்கமாக நகர்கிறது, நகர்ந்து நின்று நகர்கிறது, எல்லா இரவும் புளித்ததும் புளிக்காததும் தின்கிறோமே, இன்றைக்கு ஏன் புளிக்காதது மட்டும், எல்லா இரவும் எந்தக் கீரையும் தின்கிறோமே, வரிசையாக, திக்கித் திக்கி, ஆனால் ஒரு எழுத்தையும் தப்பாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரிகிறது, மூன்று கொம்பு எழுத்தின் புள்ளி வலப்பக்கம் இருந்தால் ஷ, இடப்பக்கம் இருந்தால் ஸ, அதைக்கூட விடவில்லை, நானே அந்த இடத்தில் தப்பு செய்வேன், இத்தனை ஞாயிறும் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு இந்தப் பிள்ளை எல்லாவற்றையும் படித்து வைத்திருக்கிறது. எவ்வளவு நேரம் ஆனதோ. வெயில் டிவி ஸ்டாண்டை விட்டு இறங்கிவிட்டது. நான்காவது கேள்வி முடிந்தது, யாரும் கைதட்டவில்லை, தட்டத் தோன்றவில்லை, தாமார் மட்டும் மெதுவாக, "நீ அந்த ராத்திரி சாய்ஞ்சு உக்காந்து சாப்பிடறதைப் பத்தின கேள்வியை என்னைவிட கரெக்டா சொன்னே," என்றாள், ஆடிட்டரிடமிருந்து வருகிற பெரிய வார்த்தை.

யாயேல் என்னைப் பார்க்கிறாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், துடைத்தால் இன்னும் வருகிறது. "அம்-அம்மா. பதில்?" என்ன பதில்டா? "நா-நான் நாலு கேட்டேன்ல. பதில் சொ-சொல்லு." அம்மா என்றாளா, என்றாள், எனக்குப் பின்னால்தான் உறைக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு நிற்க நேரமில்லை, மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள், கேள்வி வந்தாயிற்று, இனி கதை வந்தாக வேண்டும், அதுதானே சட்டம். நான் சொல்கிறேன். எகிப்தில் நாம் அடிமைகளாக இருந்தோம், செங்கல் அறுத்தோம், பேசாதே என்றால் பேசாமல் இருந்தோம், அடிமைக்கு ஏது கேள்வி, விடுதலையானவன்தான் கேட்பான், அதனால்தான் இந்த ராத்திரி முதலில் கேள்வி. மோசே வந்தார், போனார், ராஜாவின் முன்னால் நின்றார், அவசரத்தில் ரொட்டி புளிக்கக்கூட நேரமில்லாமல் கிளம்பினோம், கடல் பிளந்தது. செழியன் ஈரக் கையோடு வாசற்படி ஓரத்தில் வந்து நின்றுகொண்டார், ரேச்சலும் நிற்கிறாள், எப்போது வந்தாள், அழைப்பு மணி அடித்ததா, செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிறாள், எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவள் மூக்கு நுனியின் சிவப்பைப் பார்த்தால் தெரிகிறது. கதை முடிந்தது, அவ்வளவுதான், எழுந்திருங்க என்கிறேன். யாயேல் எழுந்திருக்கவில்லை. "இ-இன்னொண்ணு." நாலுதானே புக்ல இருக்கு, என்கிறான் ஆரோன். "இ-இது என்னோடது." எல்லோரும் காத்திருக்கிறோம், இப்போது அது அவ்வளவு கஷ்டமாக இல்லை, ஃபேனுக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருப்பதுபோல்தான் இருக்கிறது. "மோ-மோ-மோசேக்கு அப்புறம் ச-சரியாயிடுச்சா?"

மருந்தை எங்கேயும் ஒளிக்க இடமில்லை. ஆமாம் என்று சொன்னால் பொய், எந்த இடத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை, நான் தேடிப் பார்த்திருக்கிறேன், பல இரவுகள் இதைத்தான் தேடியிருக்கிறேன். இல்லை என்பதற்கும் எழுதியிருக்கவில்லை. "தெரியலடா," என்கிறேன். "சரியாச்சுன்னு எங்கயும் சொல்லல. ஆனா அதுக்கப்புறம் அவர் பேச்சை நிறுத்தவே இல்லை. முதல்ல அண்ணனைத்தான் பேச வெச்சார். அப்புறம் அவரே பேச ஆரம்பிச்சுட்டார். கடைசில நாள் முழுக்க நின்னு பேசறார், பக்கம் பக்கமாப் போகுது." "எல்லாரும் கே-கேட்டாங்களா?" "நாப்பது வருஷம் கேட்டாங்க." "முணுமுணுத்துக்கிட்டே," என்கிறான் ஆரோன். யாயேல் தலையை ஒரு பக்கம் சாய்த்து இதை உள்ளே வாங்கிக்கொள்கிறாள், எங்கேயோ அடுக்கி வைக்கிறாள், பிறகு எழுந்து, பாவாடையில் ஒட்டிய கோரைத் தூசியைத் தட்டிவிட்டு, நேராக ரேச்சலிடம் போகிறாள். எனக்குப் புரியவில்லை, நேற்று ஃபோனில் நாங்கள் பேசியது இவளுக்கு எப்படித் தெரியும், இவள் காதில் விழாதது எதுதான் இருக்கிறது இந்த வீட்டில். தலையை அண்ணாந்து ரேச்சலின் முகத்தைப் பார்க்கிறாள். "ஆன்ட்டி. அ-அன்னிக்கு நான்தான் கே-கேக்கப் போறேன். லே-லேட் ஆகும். சா-" நிற்கிறது. ரேச்சல் குனிந்து காத்திருக்கிறாள், கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்காமல் காத்திருக்கிறாள். "-சாப்பாடு ஆறிடும். ப-பரவால்லையா?"

"ஆறட்டும்டி என் ராணி," என்கிறாள் ரேச்சல், "ராத்திரி பூரா கேளு."